அழுத்தமும் ஒரு விகுதியே

ஸ்பானிய வினைத்திரிபைக் கற்பிக்கும் நூல்கள் பெரும்பாலும் விகுதி அட்டவணையோடு நின்றுவிடுகின்றன. தமிழறிந்தவர்க்கு அவ்வட்டவணை அந்நியமானதன்று. 'பேசினேன்' என்பதில் 'நான்' அடங்கியிருப்பதுபோல, ஸ்பானிய வினைமுற்றிலும் எழுவாய் விகுதிக்குள் அடங்கிவிடும். இடர் வேறோரிடத்தில் இருக்கிறது. 'அப்லோ' என்பதன் முதல் அசையை அழுத்தி ஒலித்தால் 'பேசுகிறேன்'. இறுதி அசையை அழுத்தினால் 'அவர் பேசினார்'. பேசியவர் யார், பேச்சு எப்போது நிகழ்ந்தது என்னும் இரண்டையும் அவ்வழுத்தம் ஒன்றே சுமக்கிறது. 'தெர்மினோ' இன்னும் கடுமையானது: முதலசை அழுத்தம் பெற்றால் 'முடிவு, சொல்' எனப் பொருள்படும் பெயர்ச்சொல், இரண்டாமசை பெற்றால் 'முடிக்கிறேன்', மூன்றாமசை பெற்றால் 'அவர் முடித்தார்'. தமிழ் எழுத்தில் மூன்றும் ஒன்றுபோலவே நிற்கின்றன. குறில் நெடிலைக் கூர்ந்து பிரித்தறியும் செவி, அழுத்தத்தால் பொருள் பிரிக்கப் பழகியதில்லை.

இயலுதலைக் குறிக்கும் 'போதேர்' என்னும் வினையைப் பார்க்கலாம். 'புவேதோ' என்றால் 'என்னால் இயலும்'. 'போதேமோஸ்' என்றால் 'எங்களால் இயலும்'. ஒன்றில் பகுதி 'புவே' எனத் திரிய, மற்றதில் 'போ' என்றே நிற்பானேன்? இலத்தீனின் குறில் ஒகரம், அழுத்தம் விழுந்த இடத்தில் மட்டும் 'உவே' எனப் பிளந்தது. 'போதேமோஸ்' என்பதில் அழுத்தம் பகுதியை விட்டு அடுத்த அசைக்கு நகர்ந்துவிடுவதால் பழைய உயிர் பிழைத்துக்கொண்டது. அர்ஜென்டினா இதற்கு நல்ல சான்று. ஸ்பெயினில் 'உன்னால் இயலும்' என்பதற்குப் 'புவேதெஸ்' என்பர். அர்ஜென்டினாவிலோ அழுத்தம் இறுதி அசைக்குப் போய்விடும். ஆகவே அது 'போதேஸ்'. இத்தகைய வினைகளுக்கு 'ஒழுங்கற்றவை' என்று பெயரிட்டிருப்பது கொஞ்சம் அநியாயம்தான்.

அசை பிரிப்பில் அத்தகைய ஆறுதல் எப்போதும் கிடைப்பதில்லை. மாற்றுதலைக் குறிக்கும் 'கம்பியார்', அனுப்புதலைக் குறிக்கும் 'எம்பியார்' இரண்டும் ஒரே ஈற்றின. ஆனால் 'மாற்றுகிறேன்' என்பது 'கம்-பியோ' என ஈரசை; 'அனுப்புகிறேன்' என்பது 'எம்-பீ-ஓ' என மூவசை. மூலவடிவத்தைக் கண்டு இதனைக் கணிக்க இயலாது, அகராதியே துணை.

தாய்மொழியாளர்களும் இதில் ஒருமித்தவர்கள் அல்லர். 'வழிநடத்தினேன்' எனப் பொருள்படும் 'கியே' ஸ்பெயினில் பலர் வாயில் ஈரசை, மெக்சிகோவில் பெரும்பாலும் ஓரசை. ஈரசையாக உணர்வோர் அதன்மேல் அழுத்தக்குறி இடலாம் என 1999இன் எழுத்திலக்கண நூல் இசைந்தது. 2010இல் வெளிவந்த புதிய நூல் அச்சலுகையை நீக்கியது: எழுத்தைப் பொறுத்தவரை அது ஓரசை, எனவே குறியில்லை. ஒலிப்பதை மட்டும் அவரவர் வழக்குக்கே விட்டுவிட்டது.