சுண்ணாம்பும் முன்பல்லும்

ஒரு வீட்டில் குழந்தை விழுந்துவிட்டால், ஐந்தாவது நிமிஷத்தில் பத்து வைத்தியர்கள் கூடிவிடுவார்கள். 2024 கோடை விடுமுறையில், புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் அக்கா வீட்டிலும் அதுதான் நடந்தது.

அக்காவின் எட்டு வயதுப் பயல் சைக்கிளோடு வாசற்படியில் விழுந்தான். மேல்வரிசை முன்பல் பாதி போயிற்று. மிச்சப் பல்லின் நடுவே கடுகளவு சிவப்புப் புள்ளி.

"பால் பல்தானே, முளைக்கும்" என்றாள் அம்மா. "பிடுங்கிப் போடுங்கள்" என்றார் எதிர்வீட்டு மாமி. நானும், படித்தவள் என்று பெயர், "நாளைக்குப் பார்க்கலாமே" என்றேன்.

அக்கா ஒருத்திதான் கேட்கவில்லை. "இது போன வருஷம் முளைத்த பல்லடி! போனால் போனதுதான்" என்று, உடைந்த துண்டைப் பாலில் போட்டு எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

டாக்டரம்மா எக்ஸ்ரே எடுத்துக் காட்டினார். "பல் முளைத்த பிறகும் வேர் வளர்ந்து முடிய மூன்று வருஷம் போல ஆகும். வளர்ப்பது உள்ளேயிருக்கும் இந்தச் சதைதான். அது செத்தால் பல் மெல்லிய ஓடாக நின்றுவிடும். பின்னால் சுலபமாக முறியும்."

மரத்துப்போக ஊசி போட்டு, மேலாக 2 மில்லிமீட்டர் சதையை மட்டும் எடுத்தார். ரத்தம் நின்றதும் மருந்து வைத்து மூடி, துண்டையும் ஒட்டினார். ஸ்வீடன் தேசத்து டாக்டர் ஸ்வெக் 1978-ல் எழுதிய முறை இது. அவர் பார்த்த 60 பற்களில் நூற்றுக்கு 96 வீதம் பிழைத்தன.

"மருந்து என்ன டாக்டர்?"

"கால்சியம் ஹைட்ராக்சைடு. உங்கள் வெற்றிலைப் பெட்டிச் சுண்ணாம்பின் சரக்குதான். கிருமியைக் கொல்லும், பல்லுக்குள் புதுச் சுவர் எழும்பச் செய்யும்."

1920-ல் ஜெர்மனியின் ஹெர்மன் கொண்டுவந்த மருந்து அது. 1990-களில் கலிபோர்னியாவில் டொராபினெஜாட், கட்டடச் சிமெண்டின் இனத்திலேயே இன்னொரு மருந்து கண்டுபிடித்தார். இன்று அதையும் வைக்கிறார்கள்.

வீட்டில் இதைச் சொன்னதும், "அட, நானே தடவியிருப்பேனே!" என்றாள் அம்மா. சகோதரிகளே, அந்த விபரீதம் மட்டும் வேண்டாம்! கடைச் சுண்ணாம்பு வாயைப் புண்ணாக்கும். துண்டைப் பாலிலோ தண்ணீரிலோ போட்டுக்கொண்டு டாக்டரிடம் ஓடுவதுதான் நம் வேலை. 2023-ல் புதுக்கோட்டையிலேயே அரசு பல் மருத்துவக் கல்லூரி திறந்துவிட்டார்களே!

2025-ல் எடுத்த படத்தில் வேர் நீண்டு, முனை குவிந்திருந்தது. பயல் முறுக்கைக் கடித்தபடி என்னைப் பார்த்தான்.

"சித்தி, நீங்கதானே நாளைக்குப் பார்க்கலாம்னு சொன்னீங்க?"

பல் ஆறிவிட்டது. அந்தக் கேள்விதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.