மணலா, வெறும் கண்ணாடியா?

தொட்டி வந்து இறங்கிவிட்டது. மேடையை ரசமட்டம் வைத்துச் சரிபார்த்தாயிற்று. விளக்கு, மோட்டார், கடல் உப்பு எல்லாம் தயார். தண்ணீர் ஊற்றுவதற்கு முன் ஒரு கேள்விதான் பாக்கி: அடியில் மணல் பரப்புவதா, வெறும் கண்ணாடியாகவே விட்டுவிடுவதா?

வீட்டில் பவளம் வளர்க்க ஆசைப்படும் ஒவ்வொருவரும் இந்த இடத்தில் வந்து தயங்கி நிற்கிறார். தயக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. விளக்கு சரியில்லை என்றால் மாற்றிவிடலாம். மோட்டாரை மாற்றலாம். தரையை மாற்றுவது அத்தனை சுலபமில்லை. மூன்று வருடப் பழைய மணலை ஒரே மூச்சில் அள்ளினால், அதில் அடங்கிக் கிடந்ததெல்லாம் தண்ணீரில் கலந்துவிடும். முதல் நாள் எடுக்கும் முடிவுக்கு மூன்றாம் வருடம் தீர்ப்பு வருகிறது.

வேடிக்கை பார்க்க வருபவருக்கு இது அழகு சம்பந்தப்பட்ட விஷயம். வெள்ளை மணல் கடலை நினைவூட்டுகிறது. வெறும் கண்ணாடி ஆஸ்பத்திரியை. வளர்ப்பவருக்கோ இது கழிவு சம்பந்தப்பட்ட விஷயம். கடலில் மீனின் எச்சத்தை நீரோட்டம் எங்கோ கொண்டுபோய்விடும். 300 லிட்டர் தொட்டியில் ‘எங்கோ’ என்று ஓர் இடம் கிடையாது.

மீனின் கழிவும் தின்னாமல் விட்ட தீனியும் அம்மோனியாவாகின்றன. அது விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும் இன்னொரு வகை நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. இந்த வேலைக்கு ஆக்சிஜன் வேண்டும். நைட்ரேட்டில் விஷம் குறைவு; ஆனால் சேர்ந்துகொண்டே போகும். பாசியை வளர்க்கும், பவளத்தை வாட்டும். அதை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றும் பாக்டீரியாக்களும் உண்டு. அவை வேலை செய்வது ஆக்சிஜன் வற்றிய இடத்தில். தொட்டிக்குள் அந்த இடத்தை எங்கே ஏற்படுத்துவது என்பதில்தான் வழக்கு.

மணல் கட்சியின் வரலாறு பழையது. ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் பெரிய கருவிகள் எதுவும் இல்லாமல், கடலில் இருந்து எடுத்த உயிருள்ள பாறையையும் காற்றுக் குமிழியையும் நம்பிப் பவளம் வளர்த்தார். 1961ல் அமெரிக்க மீன் வளர்ப்பு இதழ் ஒன்றில் அதை விவரித்தார். 1980களில் மொனாக்கோவில் பேராசிரியர் ழான் ழோபேர், தொட்டியின் அடியில் துளைத் தட்டு ஒன்றைப் பொருத்தி, அதன் கீழே கொஞ்சம் தண்ணீரைத் தேங்கவிட்டு, மேலே பவள மணலைப் பரப்பினார். பிறகு அமெரிக்க விலங்கியலாளர் ரான் ஷிமெக், தட்டே தேவையில்லை, 10 செ.மீ.க்கு மேல் நுண்மணலும் அதில் வாழும் புழுக்களும் போதும் என்று வாதாடினார்.

அந்த மணல் ஓர் ஊர் மாதிரி. மேல் அடுக்கில் ஆக்சிஜன் உண்டு, கீழே போகப்போக இல்லை. புழுக்களும் குட்டி நத்தைகளும் கழிவைத் தின்று, துளையிட்டு, மணலை மெல்லக் கிளறிக்கொண்டே இருக்கின்றன. கண்ணாடி ஓரம் உற்றுப் பார்த்தால் சிறு குமிழ்கள் தெரியும். ஊர் நன்றாக நடக்கும்வரை நிம்மதி. புழுக்கள் குறைந்துபோனால் மணல் கட்டிதட்டுகிறது. தெரியாமல் ஆழக் கிளறினால் அழுகிய முட்டை நாற்றத்துடன் ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பலாம். இன்னொரு கணக்கும் இருக்கிறது. நைட்ரஜன் வாயுவாகப் பறந்துவிடும். பாஸ்பரசுக்கு அந்த வாசல் இல்லை. சுண்ணாம்பு மணல் பாஸ்பேட்டைப் பிடித்துவைத்துக்கொண்டு, பிறகொரு நாள் திருப்பிக் கொடுக்கிறது.

எதிர்க் கட்சியின் தாய்வீடு பெர்லின். நல்ல துளைகள் உள்ள உயிர்ப்பாறை, கழிவை நுரையாகத் திரட்டி வெளியேற்றும் புரோட்டீன் ஸ்கிம்மர், வேகமான நீரோட்டம். தரையில் மணல் சொற்பம், அல்லது இல்லவே இல்லை. ஆக்சிஜன் இல்லாத இடம் பாறையின் உள்ளேயே இருக்கிறது என்பது இவர்கள் வாதம். கிளை கிளையாக வளரும் அக்ரோபோரா பவளத்துக்குப் பலமான நீரோட்டம் வேண்டும். மணல் இருந்தால் அந்த வேகத்தில் புயல்தான். வெறும் கண்ணாடியில் அழுக்கு மூலையில் ஒதுங்குகிறது. ஒரு குழாயை விட்டு உறிஞ்சி எடுத்துவிடலாம். ஆனால் எடுக்க வேண்டும். வாரம் தவறாமல்.

இரு கட்சிகளும் வருடக்கணக்கில் மோதிக்கொண்டன. 2005ல் ராபர்ட் தூனனும் கிறிஸ்டோபர் வீயும் வெளியிட்ட ஆய்வில், மணலுக்கு அடியில் நீர் அடுக்கு விட்டாலும் விடாவிட்டாலும் நீரின் தரத்தில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் தெரியவில்லை. வெறும் கண்ணாடிக்காரர்களுக்கும் ஒரு பாடம் காத்திருந்தது. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யத்துக்கு இறங்கிய தொட்டிகளில் பவளங்கள் வெளிறின. டைனோஃப்ளாஜெல்லேட் எனும் பழுப்பு நிறக் கோழை பாறை மேல் படர்ந்தது. அழுக்கு அளவுக்கு மீறினாலும் ஆபத்து, அடியோடு துடைத்தாலும் ஆபத்து.

ஆக, இரண்டும் பலிக்கின்றன, இரண்டும் கவிழ்க்கின்றன. அப்படியானால் எதை வைத்து முடிவெடுப்பது? முதலில், யார் குடிவரப்போகிறார்கள் என்பதை வைத்து. சில கோபி மீன்கள் பிஸ்டல் இறாலுடன் ஒரே வளையில் வாழ்கின்றன. பார்வை மங்கிய இறால் மண்ணை வாரி வெளியே தள்ளுகிறது. மீன் வாசலில் காவல் நிற்கிறது. இறாலின் உணர்கொம்பு மீன்மேல் படிந்தே இருக்கும். மீன் வாலை அசைத்தால் இரண்டும் உள்ளே. வெறும் கண்ணாடியில் இந்தக் குடித்தனம் நடக்காது. இரவில் மணலுக்குள் புதைந்து தூங்கும் ராஸ் மீன்களுக்கும் அங்கே படுக்கை இல்லை. அக்ரோபோராதான் ஆசை என்றால் அப்போது வெறுந்தரைக்கு நியாயம் உண்டு.

அடுத்தது, வளர்ப்பவர் எப்படிப்பட்டவர் என்பது. மணல் வேலையை ஒழிப்பதில்லை, ஒத்திவைக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை நம்பி, கை வைக்காமல் இருக்கும் பொறுமையை அது கேட்கிறது. வெறும் கண்ணாடி எதையும் மறைப்பதில்லை; அன்றாடம் கை நனைக்கும் ஒழுங்கைக் கேட்கிறது. மாதத்தில் பாதி நாள் ஊரில் இல்லாதவர் வெறுந்தரையைத் தேர்ந்தெடுப்பதும், எதையாவது நோண்டிக்கொண்டே இருப்பவர் ஆழமான மணலைத் தேர்ந்தெடுப்பதும் தவறான வரன் பார்ப்பதற்குச் சமம். தரை மோசமில்லை, பொருத்தம்தான் மோசம்.

தப்புக் கணக்கின் விலையைக் கொடுப்பது வளர்ப்பவர் மட்டுமல்ல. இந்தியாவில் கடின பவளங்கள் 2001ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்குள்ள பாதுகாப்பு அவற்றுக்கும் உண்டு. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி எடுத்த காலத்தை ராமநாதபுரம், தூத்துக்குடிக் கரைகள் மறந்திருக்காது. சட்டம் அனுமதிக்கும் நாடுகளிலும், தொட்டிக்குள் வரும் துண்டு ஏதோ ஒரு கடலின் வாரிசு. அது தானாக இடம் மாறிக்கொள்ள முடியாது. யாரோ ஒருவர் முதல் நாள் தேர்ந்தெடுத்த தரைக்கு மேல்தான் அது வாழ வேண்டும்.

எனவே ஊற்றத் தயாராக வைத்த வாளியைக் கீழே வைத்துவிட்டு யோசிப்பதில் தவறில்லை. மணல் எங்கும் ஓடிவிடாது. தொட்டி காலியாக இருக்கும்வரை எந்த உயிரும் நஷ்டமில்லை.