சின்னாளப்பட்டி டாக்டர் அம்மாவுக்கு

மதிப்பிற்குரிய சௌந்தரம் அம்மா அவர்களுக்கு,

மதுரையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பாட்டி சின்னாளப்பட்டித் தறிக்காரர் வீட்டுப் பெண். அவர் பெற்ற பிள்ளைகளில் கடைசி இருவர் மட்டுமே ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள். அது உங்கள் கஸ்தூரிபா ஆஸ்பத்திரி.

மதுரையில் டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கிய டி.வி. சுந்தரம் அய்யங்காரின் மகள் நீங்கள். இளம் வயதில் கணவரை இழந்த பெண்ணை அக்காலம் எந்த மூலையில் உட்கார வைத்தது என்பதை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். நீங்கள் உட்காரவில்லை. டெல்லி லேடி ஹார்டிஞ்ச் கல்லூரிக்குப் போய், 1936இல் 32 வயதில் மருத்துவராக வெளியே வந்தீர்கள். 1940இல், கேரளத்தைச் சேர்ந்த, வேறு சாதிக்காரரான ஜி. ராமச்சந்திரனைக் காந்தியடிகள் முன்னிலையில் மறுமணம் செய்துகொண்டீர்கள். இன்றும் நம் ஊர்ப்பக்கம் சாதி மாறிக் கல்யாணம் செய்த பிள்ளைகள் உயிருக்குப் பயந்து ஓடுகிறார்கள், அம்மா. 1940இல் அதைச் செய்ய எவ்வளவு நெஞ்சுரம் வேண்டியிருந்திருக்கும்!

அதன்பின் செய்ததுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிது. மதுரையிலேயே பெரிய ஆஸ்பத்திரி கட்டும் வசதி உங்கள் குடும்பத்துக்கு இருந்தது. நீங்களோ 1947இல் சின்னாளப்பட்டியில் இரண்டே படுக்கைகளோடு தொடங்கினீர்கள். பேறுகாலம் என்றால் மருத்துவச்சியும் தெய்வமும்தான் துணை என்றிருந்த ஊர்கள் அவை. குழந்தை குறுக்கே கிடந்தாலோ உதிரம் நிற்காமல் போனாலோ திண்டுக்கல்லுக்கு மாட்டுவண்டி கட்ட வேண்டும். அந்த ஊர்களுக்கு நடுவே உங்கள் சேவை நிறுவனமான காந்திகிராமம் எழுந்தது. தாய்மாரைப் பார்ப்பதோடு நிற்காமல், கிராமத்துப் பெண்களுக்கே செவிலிப் பயிற்சி கொடுத்து வேலைக்கு வைத்தீர்கள். கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு வீடும் பெண்களுக்குப் பள்ளியும் வந்தன. 1956இல் தொடங்கிய கிராமியக் கல்வி நிலையம் இன்று நிகர்நிலைப் பல்கலைக்கழகம்.

1952இல் ஆத்தூரிலும் 1957இல் வேடசந்தூரிலும் வென்று சட்டமன்றம் போனீர்கள். 1962இல் திண்டுக்கல் உங்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. மத்தியக் கல்வித் துணை அமைச்சரானீர்கள்; அந்த ஆண்டே பத்மபூஷண் விருதும் வந்தது. தொடக்கக் கல்வி எல்லாப் பிள்ளைக்கும் இலவசமாகவும் கட்டாயமாகவும் கிடைக்க வேண்டும் என்று பாடுபட்டீர்கள். பதவியால் உங்களுக்குப் பெருமை வந்தது என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஓட்டுக் கேட்டு வருவதற்கு முன்பே உங்களை ஜனங்களுக்குத் தெரியும். தங்கள் பிள்ளையைக் கையில் ஏந்தித் தந்தவரை அவர்கள் டெல்லிக்கு அனுப்பினார்கள், அவ்வளவுதான்.

1967இல் தோற்றீர்கள். டெல்லியிலேயே வேறு பதவி தேடியிருக்கலாம். நீங்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு காந்திகிராமத்துக்கே திரும்பினீர்கள். 1984இல் மறையும்வரை அந்தப் பணியை விடவில்லை. வென்று போனதற்கு உங்கள் தொகுதிக்காரர்கள் அப்போதே மாலை போட்டிருப்பார்கள். திரும்பி வந்ததற்கு நான் நன்றி சொல்கிறேன், அம்மா.


மதுரையிலிருந்து ஒரு பேரப்பிள்ளை