ஆய்வுகூடமும் தாழ்வாரமும்

மேசையில் அமர்ந்து எழுதும் செய்திக்கும் களத்துக்குச் சென்று எழுதும் செய்திக்கும் இடையிலான தூரம், பத்திரிகைத் தொழிலில் காலங்கழித்தவர்களுக்கு நன்கு தெரியும். மனிதருக்கும் ரோபோவுக்கும் இடையிலான உறவை ஆராய்பவர்களையும் அதே தூரம் அலைக்கழிக்கின்றது என்பதை, அத்துறை பற்றி வாசிக்கும்போது உணர்கின்றேன்.

ஆய்வுகூடத்தில் அழைக்கப்பட்டவர் கதிரையில் அமர்ந்திருப்பார். ரோபோவைக் கவனிப்பதைத் தவிர அவருக்கு அவ்வேளையில் வேறு வேலை கிடையாது. வெளியுலகில் அப்படியொருவரைக் காண்பது அரிது.

அமெரிக்க வைத்தியசாலை ஒன்றில் பொருட்களைக் காவிச் செல்லும் 'டக்' என்ற ரோபோ பற்றி பில்ஜே முட்லு, ஜோடி ஃபோர்லிஸி ஆகிய இருவரும் 2008ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பிரசவித்த தாய்மாரைப் பராமரிக்கும் விடுதியின் பணியாளர்கள் அதனை விரும்பி ஏற்றனர். புற்றுநோயாளர் முதலானோரைப் பராமரிக்கும் விடுதியிலோ அதே ரோபோ எரிச்சலுக்கு ஆளாயிற்று. இயந்திரத்தில் வேறுபாடில்லை. வேலைப்பளுவும், நெரிசலான தாழ்வாரமும், இடையூறைத் தாங்கமுடியாத பணிச் சூழலுமே வேறுபட்டிருந்தன. எந்த ஆய்வுகூடத்திலும் இது புலப்பட்டிருக்காது.

அப்படியானால் களம் மட்டும் போதுமா? போதாது. அங்கே காரணங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும்; எது எதனால் விளைந்தது என்று பிரித்தறிவது கடினம். ஆகவே போவதும் வேண்டும், திரும்பி வருவதும் வேண்டும்.

அதற்கு ஜப்பானில் ஓர் உதாரணமுண்டு. வணிக வளாகத்தில் உலாவிய ரோபோவைச் சிறுவர்கள் மறிப்பதையும் அடிப்பதையும் ஆய்வாளர்கள் அவதானித்தனர். கண்டவற்றைக் கணினி மாதிரியாக்கினர். தொல்லை நேரக்கூடும் எனக் கணித்தால், பெரியவர்கள் நிற்கும் பக்கம் ரோபோ நகரும்படி அமைத்தனர். பின்னர் வளாகத்துக்கே திரும்பிச் சென்று சோதித்தபோது தொல்லை குறைந்திருந்தது. 2015ஆம் ஆண்டில் வெளியான அந்த ஆய்வு, களத்தில் பிறந்த வினாவைக் கூடத்துக்குக் கொண்டுசென்று, விடையை மீண்டும் களத்தில் உரைத்துப் பார்த்தது.

முதுமையை நெருங்கும் எனக்கு இது வெறும் விஞ்ஞானச் செய்தியல்ல. நாளை எனது கட்டிலருகே மருந்துடன் வருவது எதுவென்று யாரறிவார்? இத்தகைய இயந்திரங்களை வாங்கத் தீர்மானிக்கும் நிர்வாகிகளுக்குக் காட்டப்படுவது பெரும்பாலும் ஒழுங்குபடுத்தப்பட்ட செயல்விளக்கமே. நாள்முழுதும் அதனுடன் தாழ்வாரத்தைப் பங்கிட்டுக்கொள்பவர் தாதி. அதன் வரவுக்காகக் காத்திருப்பவர் நோயாளி. இவ்விருவரையும் கேளாமல் முடிக்கப்படும் ஆய்வு, எத்தனை புள்ளிவிபரங்களைத் தாங்கியிருந்தாலும், பாதிச் செய்தியே என்பது எனது எண்ணம்.