குருவானவர் வராத பெரிய வெள்ளி

பொல்பிட்டிய என்ற சிங்களப் பெயருக்குத் தென்னந்திடல் என்று பொருள் கொள்ளலாம். கெகல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் கூடிக் களனி கங்கையாகும் இடம் அதன் அருகில்தான். மேலே அட்டன் பக்கம் ஏறினால் குளிரில் தென்னை செழிப்பதில்லை; குருத்தோலை ஞாயிறுக்கான ஓலையும் கீழிருந்தே மலையேற வேண்டும்.

ஓலை ஏறிவிடும். குருவானவரோ ஒரே நாளில் எல்லாத் தோட்டங்களுக்கும் ஏற முடியாது. பெரிய வெள்ளியன்று லயங்களுக்கு நடுவே சிலுவைப்பாதையின் 14 தலங்களையும் உபதேசியாரோ, மூத்த அம்மா ஒருவரோ நடத்துவதைச் செய்தியாளனாக அலைந்த காலத்தில் பலமுறை கண்டிருக்கிறேன். அதைக் குறையென்று சொல்வோருக்கு ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன்.

இலங்கைக் கத்தோலிக்கரின் தவக்காலப் பக்தி, குருக்கள் மறைந்து நடமாடிய ஒல்லாந்தர் காலத்தில் வளர்ந்தது. 1705இல் இங்கு வந்து 1742இல் மறைந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார், திருப்பாடுகளைக் கூறும் 'வியாகுலப் பிரசங்கம்' என்னும் நூலைத் தமிழில் எழுதினார். குரு இல்லாத ஊரிலும் சபையார் தாமே அதை ஓதலாம். யாழ்ப்பாணத்தில் அம்மரபு இன்னும் உண்டு. மலையகத்தார் 19ஆம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து வந்தவர்கள். ஆயினும் அவர்கள் நடப்பதும் அதே வழியில்தான்.

பாஸ்கா இரவுத் திருப்பலிக்குக் குரு வேண்டும். சிலுவைப்பாதைக்கு வேண்டியவை குரலும் நினைவும். இளையோர் கொழும்புக்கு வேலை தேடிப் போய்விட்ட லயங்களில் அக்குரல்கள் அருகி வருகின்றன. மூத்தோர் பாடும்போது விடுமுறைக்கு வரும் பிள்ளைகளில் ஒருவராவது அருகிருந்து கற்றுக்கொள்ளட்டும்.