ஒரு தலைநகர் பாக்கி

யுத்தம் தொடுப்பதற்கு நல்ல நாள் எது? பஞ்சாங்கம் பார்க்க வேண்டியதில்லை. பக்கத்து ராஜா மதில் கட்டி முடிப்பதற்கு முந்தின நாள். எழுபத்து நான்கு வயதுக்கு மேல் நான் கற்றுக்கொண்ட ராஜதந்திரம் இது. கற்றுக் கொடுத்தவன் என் பேரன். பள்ளிக்கூடம், அவனுடைய மேஜை மேல் இருக்கும் கணிப்பொறி.

'சிவிலைசேஷன்' என்று ஒரு விளையாட்டு இருக்கிறது. சிட் மேயர், புரூஸ் ஷெல்லி என்ற இரண்டு அமெரிக்கர்கள் சேர்ந்து அமைத்தது. 1991 இல் முதலில் வெளிவந்தது. பிறகு பதிப்புமேல் பதிப்பாக வந்துகொண்டிருக்கிறது. நான் ஆடியது 2016 இல் வந்த ஆறாவது பதிப்பு. சதுரங்கத்தைப்போல இதிலும் முறை வைத்துத்தான் ஆட வேண்டும். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிக்கலாம், ஒருவரும் அவசரப்படுத்த மாட்டார்கள். என் வயதுக்கு ஏற்ற விளையாட்டு என்று நான் உட்கார்ந்ததற்கு அதுவே காரணம்.

ஆனால் சதுரங்கத்தில் காய்களை எல்லாம் முன்கூட்டியே அடுக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். இங்கே அப்படி இல்லை. கி.மு. 4000 இல் ஒரு குடியேற்றக் கூட்டம், ஒரே ஒரு போர்வீரன், இவ்வளவுதான் நம் சொத்து. அறுகோணக் கட்டங்களாகப் பிரித்த பூமியில் நாம் நிற்கும் இடம் மட்டும் வெளிச்சம், மற்றதெல்லாம் இருட்டு. அந்த இருட்டுக்குள் வேறு ராஜாக்களும் இதேபோல் விழித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஊர் அமைத்து, உழுது, எழுத்தறிந்து, கப்பல் விட்டு, ஆறாயிரம் வருஷம் கடந்து வர வேண்டும்.

ஜெயிப்பதற்குப் பல வழிகள் உண்டு. விஞ்ஞானத்தால் ஜெயிக்கலாம், கலையால் ஜெயிக்கலாம், மதத்தால் ஜெயிக்கலாம். இன்னொரு வழி ஆதிக்கம். அதற்கு விதி மிகச் சுருக்கமானது: மற்ற ராஜாக்கள் ஒவ்வொருவருடைய ஆதித் தலைநகரமும் நம் கையில் இருக்க வேண்டும். மற்ற ஊர்களைப் பிடித்தால் கொளுத்திவிடலாம். ஆதித் தலைநகரைக் கொளுத்த விளையாட்டு அனுமதிப்பதில்லை. அதை வைத்துக்கொண்டு ஆளத்தான் வேண்டும்.

"தாத்தா, நீங்க ஆதிக்கத்துக்கே போங்க. அதுதான் சுலபம்" என்றான் பேரன்.

"சுலபமா? யுத்தமாடா சுலபம்?"

"சீக்கிரம் தொடங்கினா சுலபம்."

இந்த ஒரு வாக்கியத்தில் முழுச் சூத்திரமும் அடங்கியிருக்கிறது. வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று வள்ளுவர் மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். என் பேரன் குறளில் பத்துப் பாட்டுக்கூட ஒழுங்காகச் சொல்ல மாட்டான். ஆனால் அந்த மூன்றையும் அவன் எனக்குப் பாடம் நடத்திய விதத்தைக் கேளுங்கள்.

முதலில் வலிமை. ஆரம்பத்தில் படை என்றால் வாளும் குதிரையும் என்று நாம் நினைப்போம். அவன் என்னைக் கவண்காரர்களைத் தயாரிக்கச் சொன்னான். கவண்காரன் விலை மலிவு. 35 அலகு உழைப்பில் ஆள் தயார். வில்லாளிக்கு 60 வேண்டும். அத்துடன், கவண்காரன் கையால் எதிரி ஒருவன் விழுந்துவிட்டால் வில்வித்தையைக் கற்பதில் பெரும் பங்கு தானாகக் கைகூடிவிடும். காட்டில் திரியும் கொள்ளைக்கூட்டத்து வேவுகாரன் ஒருவன் நம் ஊரைப் பார்த்துவிட்டுத் தன் பாசறைக்கு ஓடுவான்; அவன் போய்ச் சேர்ந்தால் அங்கிருந்து கூட்டம் புறப்பட்டு வந்துவிடும். அவனைக் கவண்கல்லால் வழியிலேயே வீழ்த்தினால் ஊரும் பிழைத்தது, வில்லும் வந்தது. பிறகு சேர்த்து வைத்த பொன்னைக் கொடுத்துக் கவண்காரர்களை வில்லாளிகளாக்கிக்கொள்ள வேண்டியது. அதனால்தான் முதல் முப்பது முறையில் கைப்பொன்னைக் கண்டதற்கெல்லாம் செலவு செய்யக் கூடாது.

இரண்டாவது காலம். இங்கேதான் ஒரு தொழிலாளி வருகிறான். மண்வெட்டி போட்டு வயலோ சுரங்கமோ அமைப்பான். மூன்று தடவை வேலை செய்தால் அவன் ஆயுள் முடிந்தது, பலகையிலிருந்து மறைந்துபோவான். மூன்று கட்டங்களைப் பண்படுத்தியதும் கைத்தொழில் என்ற அறிவு விரைந்து வந்து சேரும். அதோடு 'அகோகி' என்ற கொள்கைச் சீட்டும் கிடைக்கும். ஸ்பார்ட்டாவில் ஏழு வயதுப் பையன்களை வீட்டைவிட்டுப் பிரித்துப் போருக்குப் பழக்கினார்களே, அந்தப் பயிற்சியின் பெயர்தான் அது. சீட்டைச் செருகிவிட்டால் ஆதி யுகத்துப் படைவீரர்கள் உருவாகும் வேகம் ஒன்றரை மடங்காகும். ஆக, அந்தத் தொழிலாளி மூன்று தடவை குனிந்து நிமிர்ந்ததில் வயல் மட்டுமா விளைந்தது? சேனையும் விளைந்துவிட்டது.

மூன்றாவது இடம். மதில் இல்லாத ஊர் அம்பு எய்யாது. நாலு வில்லாளிகளை இரண்டு கட்டம் தள்ளி நிறுத்தி எய்துகொண்டே இருக்கலாம். ஆனால் ஊர் முறைக்கு 20 புள்ளி வீதம் காயம் ஆற்றிக்கொள்ளும். அதைத் தடுக்க முற்றுகை வேண்டும். ஊரைச் சுற்றி ஆறு கட்டங்கள். எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டே போர்வீரர்களை நிறுத்தினால், நடுவில் ஆறு எதுவும் குறுக்கிடாவிட்டால், ஆறு கட்டமும் அடைபட்டுப் போகும். பிறகு காயம் ஆறாது. வில்லாளி எவ்வளவு எய்தாலும் ஊருக்குள் நுழைய முடியாது. கடைசி அடியை எடுத்து வைக்கப் போர்வீரன்தான் வேண்டும். நாலு வில், இரண்டு வாள். தலைநகர் ஒன்றுக்கு இது போதும்.

அந்த ஊரில் மதில் எழும்பிவிட்டால் இத்தனை கணக்கும் தலைகீழாகிவிடும். மதில் வந்த ஊர் திருப்பி எய்யும். நம் அம்புகள் கல்லைச் சுரண்டும். போர்வீரன் முட்டிப் பார்த்துவிட்டு முதுகைத் தடவிக்கொள்வான். ஆகவே தொடக்கத்து வித்தை எல்லாம் ஒரு ஜன்னல் திறந்திருக்கும் நேரத்துக்குள் உள்ளே குதிப்பதுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2016 இல் வந்த முதற்பதிப்பில், ஆதி யுகத்தில் தொடுக்கும் போருக்கு அவப்பெயரே கிடையாது. யுகம் ஏற ஏறத்தான் மற்ற ராஜாக்கள் நம்மைப் போர்வெறியன் என்று சொல்லத் தொடங்குவார்கள். நியாயம் பேசும் வாய்கள் உருவாவதற்கு முன்பே வேலையை முடித்துக்கொள்பவன் கெட்டிக்காரன்.

இந்த விளையாட்டில் எட்டுப் படிகள் உண்டு. எட்டாவது படியில் எதிரிகள் மூன்று குடியேற்றக் கூட்டங்களோடு தொடங்குவார்கள், நமக்கு ஒன்றுதான். பேரன் அங்கே ஆடுகிறவன். எனக்கு நான்காவது படி. அதில் யாருக்கும் சலுகை இல்லை. சிறிய உலகம், நாலு ராஜாக்கள். நான் ரோமாபுரிச் சக்கரவர்த்தி டிராஜன். நாற்பதாவது முறை வந்தபோது நாலு வில்லாளிகளும் இரண்டு வீரர்களும் தயாராக நின்றார்கள்.

"கிழக்கே ஏழு கட்டத்தில் ஒரு தலைநகர் இருக்கு தாத்தா. மதில் இல்லை. படையும் இல்லை. அடிச்சுடலாம்."

"யாருடைய ஊர்?"

"காந்தி. தில்லி."

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. திரையில் மூக்குக் கண்ணாடியோடு அவர் நிற்கிறார். என் தகப்பனார் கடைசிவரை கதர்தான் உடுத்தினார். எங்கள் கூடத்தில் சுவாமி படங்களுக்குப் பக்கத்தில் இந்த முகமும் மாட்டியிருந்தது.

விளையாட்டின் கணக்குப்படி பேரன் சொன்னது சரி. அந்தக் காந்திக்கு விளையாட்டு ஒரு விசேஷ குணம் வைத்திருக்கிறது: அவரோடு சண்டையிடுபவர்களின் மக்களுக்குப் போர்ச்சோர்வு இரண்டு மடங்காகும். சத்தியாக்கிரகத்தை எண்ணாக மாற்றினால் இப்படித்தான் ஆகும் போலிருக்கிறது. ஆனால் ஆதி யுகத்தில் போர்ச்சோர்வே கொஞ்சம். கொஞ்சத்தின் இரண்டு மடங்கும் கொஞ்சம்தான். யானைப்படையும் அவருக்கு இன்னும் வரவில்லை. அடிப்பதானால் அப்போதே அடிக்க வேண்டும்.

நான் தயங்குவதைப் பார்த்துப் பேரன் வேறொரு வாதம் கொண்டுவந்தான். "விட்டா அவரே பின்னாலே அணுகுண்டு போடுவார். முதல் விளையாட்டிலேயே போட்டாராம்!"

இது உலகம் முழுவதும் பரவிய கதை. 1991 ஆட்டத்தில் காந்தியின் போர்க்குணத்துக்கு எண் ஒன்று என்றும், ஜனநாயகம் வந்ததும் அதில் இரண்டைக் கழிக்கப்போய், பூஜ்யத்துக்குக் கீழே இறங்கத் தெரியாத கணிப்பொறி அதை 255 ஆக்கிவிட்டது என்றும் சொல்வார்கள். கேட்க ரசமாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படி ஒரு பிழையே இருந்ததில்லை என்று சிட் மேயர் 2020 இல் வெளியிட்ட தம் நினைவுக் குறிப்பில் எழுதிவிட்டார். ஒருவரை அடிப்பதற்கு முன்னால், 'அவர்தான் நம்மை அடிக்கப் போகிறார்' என்று ஒரு கதை கட்டாயம் வேண்டியிருக்கிறது பாருங்கள். அந்தக் கதை காந்தியைக்கூட விட்டு வைக்கவில்லை.

"படையைத் தெற்கே திருப்பு" என்றேன்.

தெற்கே காதரீன் ராணியின் பாரிஸ். அது தூரம். போய்ச் சேர்வதற்குள் அறுபதாவது முறை ஆகிவிட்டது. மதில் எழும்பிவிட்டது. ஜன்னல் சாத்தியாயிற்று. அதற்கான விலையைக் கொடுத்தேன். வெண்கலத்துக்குப் பிறகு இரும்பு, இரும்புக்குப் பிறகு ரோமாபுரியின் லீஜன் படை. போர்வீரனின் பலம் 20 என்றால் லீஜனின் பலம் 40. மதில் இடிக்கும் பொறியைப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினால் வாளின் அடி மதிலில் முழுதாக இறங்கும். பாரிஸ் விழுந்தது. விழுந்த பின்பும் தொல்லை தீரவில்லை. 2018 இல் சேர்த்த விரிவுப் பதிப்பில் விசுவாசம் என்று ஒன்று வந்துவிட்டது. சுற்றியுள்ள பழைய நாட்டு ஊர்களின் இழுப்பால் பிடித்த ஊர் கலகம் செய்து கைநழுவிப் போகலாம். ஆளுநர் ஒருவரை அனுப்பி, படையை உள்ளே நிறுத்தி, பக்கத்து ஊரையும் சீக்கிரம் பிடித்தால்தான் நிலைக்கும். பிடித்ததைக் காப்பாற்ற மேலும் பிடிக்க வேண்டும்! சாம்ராஜ்யங்களின் சரித்திரம் இந்த ஒரு விதிக்குள் நன்றாகவே அடங்குகிறது.

அதற்கப்புறம் கடல் தாண்டி ஹோஜோ தோக்கிமுனேயின் கியோத்தோ. அதுவும் விழுந்தது.

"ஒரு தலைநகர்தான் பாக்கி தாத்தா."

தில்லியில் அப்போது மதில் இருந்தது, யானைகள் இருந்தன. ஆனாலும் என் படைக்கு அது பத்து முறை வேலை. விளையாட்டு ஆதிக்கம் என்ற சொல்லுக்குக் கொடுத்திருக்கும் பொருளில் சமரசம் இல்லை. ஒன்று குறைந்தாலும் அது ஆதிக்கம் ஆகாது. நான் ஆட்டத்தைச் சேமித்து வைக்கச் சொல்லிவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளினேன்.

"இது வெறும் விளையாட்டுதானே தாத்தா!"

மற்றவர்கள் அப்படிச் சொல்லலாம். நான் ஐம்பது வருஷமாக, இல்லாத மனிதர்களுக்காக வாசகர்களைக் கண்ணீர் விடச் செய்து அரிசி வாங்கியவன். என் கதாநாயகி செத்துப்போனதற்காக எனக்குக் கோபமாகக் கடிதம் எழுதியவர்கள் உண்டு. கற்பனை மனிதர்கள் நிஜம் என்று சொல்லிப் பிழைத்தவன், அவர்கள்மேல் படையெடுக்கும்போது மட்டும் 'வெறும் கற்பனை' என்று எப்படிச் சொல்ல முடியும்? இதைப் பேரனிடமும் சொன்னேன்.

அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு கேட்டான்: "சரி, பாரிஸிலே ஆளே இல்லையா, தாத்தா?"

கேள்வி நியாயமானது. பாரிஸ் எனக்கு ஒரு கணக்காக வந்தது. எத்தனை கட்டம், எத்தனை முறை, மதில் உண்டா இல்லையா என்ற கணக்கு. தில்லி ஒரு முகமாக வந்தது. ஆதிக்கத்துக்கான தொடக்கம் இவ்வளவு சுலபமாக இருப்பதற்குக் காரணம், அந்த நாற்பது ஐம்பது முறைக்குள் நமக்கு யாருடைய முகமும் தெரியாது என்பதுதான். இருட்டில் ஒரு விளக்குப்போல் ஓர் ஊர் தெரியும். அதன்மேல் ஓர் எண் தெரியும். மூன்று தடவை மண்வெட்டி போட்டு மறைந்துபோன என் தொழிலாளிக்கும் பெயர் கிடையாது. பெயர் இருந்திருந்தால் நாலாவது தடவையும் அவனைத் தேடியிருப்பேன்.

பேரனுக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. அவன் மறுநாளே வேறு ஓர் ஆட்டம் தொடங்கிவிட்டான். எட்டாவது படி. முதல் வேலையாகக் கவண்காரனைத் தயாரிக்கச் சொன்னான். அதை முடித்துவிட்டு, இருட்டுக்குள் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க, தன் ஒரே போர்வீரனைக் கிழக்கே அனுப்பினான்.