அமீர் கானின் மார்வா: கேட்டுத் தீராத இருபது நிமிடங்கள்

ஒரு ராகம் இருமுறை ஒரேபோல் பாடப்படுவதில்லை என்பது இந்துஸ்தானி இசையுலகின் அடிப்படை நம்பிக்கைகளுள் ஒன்று. நேற்றைய யமன் வேறு, இன்றைய யமன் வேறு. பாடகரின் உடல்நிலை, அவையின் செவி, பருவம், பொழுது, தம்பூரா சேர்ந்த விதம் அனைத்தும் சேர்ந்தே அன்றைய ராகத்தை உருவாக்குகின்றன என்று அம்மரபு சொல்கிறது. ஆனால் அதே மரபின் ரசிகர்கள், ஏதோ ஒரு நாளில் ஒலிப்பதிவுக்கூடத்தில் பதிவான ஒரு பாட்டை, மூச்சு விடும் இடம்கூட மாறாத அந்த ஒரே பாட்டை, ஆண்டுக்கணக்காகத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவ்வாறு கேட்கப்பட்டவற்றுள் உஸ்தாத் அமீர் கான் (1912–1974) பாடி, 1960-ஐ ஒட்டி எச்.எம்.வி. வெளியிட்ட எல்.பி. இசைத்தட்டு முதல் வரிசையில் நிற்பது. தட்டின் ஒரு பக்கம் மார்வா, மறுபக்கம் தர்பாரி. தர்பாரியின் கம்பீரத்துக்கு அடிமையானவர்கள் குறைவல்லர். ஆயினும் கேட்டு அலுக்காத பாட்டு எது என்ற பேச்சு எழும்போது பெரும்பாலும் முதலில் சொல்லப்படுவது மார்வாதான். இருபது நிமிடங்களைச் சற்றே தாண்டும் பாட்டு. அதுவும் இன்பம் தருவதாக யாரும் வருணிக்காத ஒரு ராகத்தில்.

கேட்டு அலுக்காமை என்பது ரசிகர்களின் மிகைப்பேச்சு அன்று. இசை உளவியலின் பழைய சிக்கல்களுள் ஒன்று. லெனார்ட் மேயர் 1956-இல் வெளியிட்ட 'இசையில் உணர்ச்சியும் பொருளும்' என்ற நூலில், இசை எழுப்பும் உணர்ச்சிக்கு எதிர்பார்ப்பே வேர் என்று வாதிட்டார். அடுத்து வரவேண்டிய சுரம் தாமதமாகிறது, அல்லது வேறொன்று வந்து நிற்கிறது. அந்த இடறலில் உணர்ச்சி பிறக்கிறது. கருத்து அழகானது. ஆனால் உடனே ஒரு கேள்வி எழும். நூறாவது முறை கேட்பவருக்கு எது எப்போது வரும் என்று தெரியுமே, பிறகு இடறல் ஏது? மேயரே இதை உணர்ந்து, ஐந்தாண்டுகள் கழித்து மறுமுறை கேட்டல் பற்றித் தனிக் கட்டுரை எழுதவேண்டியிருந்தது. பழகப் பழகப் பிடிக்கும் என்று 1968-இல் ராபர்ட் சயான்ஸ் காட்டினார். பழக்கம் ஓர் அளவைக் கடந்தால் விருப்பம் சரியும், வரைபடத்தில் அது கவிழ்த்த கிண்ணம்போல் அமையும் என்பது டேனியல் பெர்லைனின் கொள்கை. திரைப்பாடல்களில் பெரும்பாலானவை பெர்லைனுக்குக் கட்டுப்படுகின்றன. தெருவெங்கும் ஒலித்த பாட்டு மூன்று மாதத்தில் காதுக்கு அயர்ச்சியாகிவிடுவதை எவரும் அறிவர். சில பாட்டுகள் மட்டும் அந்தக் கிண்ணத்தின் மறுசரிவில் இறங்க மறுக்கின்றன. அவை எவை?

மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இந்தக் கேள்வியை நேராகவே எடுத்துக்கொண்டது. தாம் மீண்டும் மீண்டும் கேட்கும் பாட்டைப் பற்றி 204 பேர் அதில் விடையளித்தனர். உற்சாகம் தரும் பாட்டைத் தேர்ந்தவர்கள் அதைச் சராசரியாகச் சுமார் 175 முறை கேட்டிருந்தார்கள். இனிமையும் துயரமும் கலந்த பாட்டைத் தேர்ந்தவர்களோ 800-ஐ நெருங்கும் அளவுக்குக் கேட்டிருந்தார்கள். இவை நினைவிலிருந்து சொன்ன எண்கள்; எண்ணிப் பார்த்தவை அல்ல. அந்த எச்சரிக்கையோடே கொள்ளவேண்டும். இருப்பினும் இரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவு பொருட்படுத்தத்தக்கது. மகிழ்ச்சி விரைவில் செலவாகிறது. கலப்புணர்ச்சி செலவாக மறுக்கிறது.

மார்வா கலப்புணர்ச்சிக்கென்றே வடிக்கப்பட்டதுபோன்ற ராகம். அதன் சுரங்கள் ஆறு: ஸா, கோமள ரே, சுத்த கா, தீவிர மா, சுத்த தா, சுத்த நீ. பஞ்சமம் இல்லை. கர்நாடக இசை பயின்ற செவிக்கு இந்த ஆறும் உடனே ஹம்ஸானந்தியை நினைவூட்டும். பாபநாசம் சிவனின் 'ஸ்ரீநிவாச திருவேங்கடமுடையான்' வழியாகத் தமிழ் வீடுகள் அறிந்த அதே ஹம்ஸானந்தி. வடக்கில் அதற்கு மிக நெருங்கிய உறவு ஸோஹினி. பூரியாவும் இதே ஆறு சுரங்களால் ஆனதே. ஆறு செங்கற்களில் வெவ்வேறு வீடுகள். ஸோஹினி மேல் ஸ்தாயியில் மின்னுகிறது. பூரியா காந்தாரத்திலும் நிஷாதத்திலும் ஊன்றி நிற்கிறது. மார்வாவோ ரேயிலும் தாவிலும் தங்கி, சட்ஜமத்தைத் தவிர்த்துக்கொண்டே செல்கிறது. வாதிக்கும் சம்வாதிக்கும் இடையே வழக்கமாக நான்காம் அல்லது ஐந்தாம் சுர இடைவெளி இருக்கவேண்டும். மார்வாவின் ரேயும் தாவும் அந்த விதிக்குள்ளும் அடங்குவதில்லை. பஞ்சமம் இல்லாததால் தம்பூராவின் முதல் தந்தியையும் பொதுவாக நிஷாதத்தில் சேர்க்கிறார்கள். நிஷாதம் சட்ஜமத்துக்கு ஒரு படி கீழே நின்று ஏங்கும் சுரம். ஆக, ராகம் தொடங்குமுன் தம்பூராவே ஓர் அமைதியின்மையை மீட்டத் தொடங்கிவிடுகிறது. பொழுதோ சூரியன் மறையும் வேளை.

தில்லியின் மாணவர் விடுதி ஒன்றில் முனைவர் பட்ட ஆய்வேட்டின் கடைசி இயல்களை எழுதிக்கொண்டிருந்த வரலாற்று மாணவர் ஒருவர், ஒரு குளிர்காலம் முழுவதும் மாலைதோறும் இந்தப் பதிவையே ஓடவிட்டிருந்தார். உதவித்தொகை நின்றுபோய் ஐந்து மாதங்கள்; நெறியாளரிடமிருந்து இரண்டாம் இயல் திரும்பி வரவில்லை. இசை அறிந்தவர் அல்லர் அவர். பாட்டு தொடங்கினால் எழுத்து நகர்கிறது என்பதைத் தவிர அவருக்கு வேறு காரணம் சொல்லத் தெரியாது. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து, சிறுவயதில் வீணை பயின்ற அறைத்தோழர் பத்து நாள் பொறுத்திருந்து பதினோராம் நாள் கேட்டார்: "சுரமெல்லாம் ஹம்ஸானந்திதான். ஆனால் இந்த மனிதர் ஏன் சட்ஜமத்துக்கு வரவே மாட்டேன் என்கிறார்?" வரலாற்று மாணவர் சற்று யோசித்துச் சொன்னார்: "வந்துவிட்டால் பாட்டு முடிந்துவிடும் அல்லவா, அண்ணா."

இசையறியாதவர் சொன்ன அந்த விடை, மேயருக்குப் பின்வந்தோர் கண்ட தீர்வுக்கு வெகு அருகில் இருக்கிறது. ஜம்ஷெட் பருச்சா இருவகை எதிர்பார்ப்புகளைப் பிரித்துக் காட்டினார். ஒன்று, இந்தக் குறிப்பிட்ட பாட்டில் அடுத்து வருவது இது என்ற நினைவு. மற்றொன்று, வாழ்நாள் முழுவதும் கேட்ட இசையிலிருந்து செவி தானாகக் கற்றுக்கொண்ட பொதுவிதி. முன்னது ஒரு பாட்டைப் பலமுறை கேட்டால் நிறைவடைந்துவிடும். பின்னது அந்த நிறைவைப் பற்றி ஒன்றும் அறியாது. ஆதாரசுரத்தை விட்டு அகன்றால் அதற்குத் திரும்பவேண்டும் என்று ஒவ்வொரு முறையும் புதிதாகவே கேட்கும். கதை தெரிந்த கூத்தில் அபிமன்யு சக்கரவியூகத்துள் நுழையும்போது ஊரே பதறுவதும் இதனால்தான். அமீர் கான் ரேயில் நிற்கும்போது சட்ஜமம் உடனே வராது என்று நினைவு அறியும். வரவேண்டும் என்று செவி வற்புறுத்தும். நானூறாவது கேட்பிலும் இந்த வழக்கு தீர்ப்பாவதில்லை. இப்படிப் பார்த்தால், ஒரே ஒரு திருப்பத்தின் வியப்பை நம்பி நிற்கும் இசை முதலில் கைவிடப்படுவதில் வியப்பில்லை. நிறுத்திவைத்தலை நம்பும் இசை நெடுநாள் துணை வருகிறது.

இன்னொரு காரணம், ஒருவேளை இதுவே பெரிய காரணம், வேகம். அதாவது வேகமின்மை. அமீர் கான் கியாலை அதிவிளம்ப காலத்தில் பாடினார். அவர் பெரிதும் விரும்பிய ஜூம்ரா தாளத்துக்கு 14 மாத்திரைகள். அவர் கொள்ளும் நடையில் ஓர் ஆவர்த்தனம் நிறைவுற முக்கால் நிமிடம்கூட ஆகலாம். மனித மனம் 'இப்போது' என்று ஒருசேரப் பற்றிக்கொள்ளும் கால அளவோ சில விநாடிகளே. எனவே இந்தத் தாளத்தை யாரும் ஒரு முழு வடிவமாகக் 'கேட்டுவிட' முடியாது. அதனுள்ளே இருந்துகொண்டிருக்கத்தான் முடியும். தபலாவையும் அவர் எளிய டேக்காவோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வார். போட்டிக்கும் பாய்ச்சலுக்கும் இடமில்லை. நினைவில் ஒட்டிக்கொள்ளும் மெட்டு மனத்துக்குள் தானாகவே ஓடி ஓடித் தேய்ந்துபோகிறது. இந்த மார்வாவைக் குளியலறையில் முணுமுணுக்க எவராலும் ஆவதில்லை. கேட்கவேண்டுமானால் பதிவிடம்தான் திரும்பிச் செல்லவேண்டும்.

சுரங்களை மாற்றி மாற்றி அடுக்கும் மேருகண்ட முறை அமீர் கானின் பயிற்சிக்கு அடித்தளம். ஏழு சுரங்களை 5040 வகையில் வரிசைப்படுத்தலாம். மார்வாவின் ஆறு சுரங்களுக்கு 720. இந்தக் கணக்கைச் சொல்லி அவர் பாட்டை மூளையின் இசை என்று ஒதுக்குவோரும் இருந்தனர். அந்தக் குற்றச்சாட்டு இந்தத் தட்டின்முன் நிற்காது. ராக இலக்கணம் அனுமதிக்கும் வரிசைகளில் எதை விட்டுவிட்டார் என்பதே இங்கு கேட்கத்தக்கது. கோமள ரேயை அடைந்தபின் அவர் விடும் இடைவெளிகளில் எந்த வரிசையும் இல்லை. தம்பூரா மட்டுமே இருக்கிறது. பலமுறை கேட்டவர்கள் மெல்ல மெல்ல அந்த மௌனங்களைக் கேட்கத் தொடங்குகிறார்கள். முதல் கேட்பில் அவை வெற்றிடங்களாகவே படும்.

இவ்வளவு சொன்னபின் ஓர் இடரையும் சொல்லவேண்டும். இந்திய ஒலிப்பதிவின் தொடக்க நாள்களில், 1902-இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடியபோது, தட்டில் இடம் மூன்று நிமிடங்களே. அந்தச் சிறு தட்டுகள் ராகத்தின் சாயலைத் தந்தன. ராகத்துக்கு மாற்றாகத் தம்மை முன்வைக்கவில்லை. ஆயினும் அவற்றின் வலிமை சிறிதன்று. அப்துல் கரீம் கானின் இசைத்தட்டைச் சிறுவயதில் கேட்டுக் கிளர்ந்த பீம்ஸேன் ஜோஷி, குருவைத் தேடி வீட்டைவிட்டே கிளம்பினார். தட்டு அவரைத் தட்டுக்கு வெளியே அனுப்பியது. (அந்தக் கரீம் கான் 1937-இல் புதுச்சேரிக்குச் செல்லும் வழியில் சிங்கப்பெருமாள் கோவில் ரயில் நிலையத்தில் உயிர்நீத்தார் என்பதைத் தமிழ் வாசகர் நினைவுகொள்வது நலம்.) எல்.பி. வந்ததும் நிலை மாறியது. இருபது நிமிடம் என்பது ஒரு ராகம் முழுமைபோலத் தோன்றப் போதுமான நேரம். அமீர் கானின் தட்டைக் கேட்டு வளர்ந்த செவி, கச்சேரியில் வேறொருவர் மார்வாவை எடுத்து, சற்று விரைந்து சட்ஜமத்தைத் தொட்டாலே முகம் சுளிக்கிறது. பாடகர் ராகத்திலிருந்து விலகவில்லை. ஒரு பிரதியிலிருந்துதான் விலகினார். மூலபாடம் என்ற ஒன்றே இல்லாத மரபில் ஒரு மூலபாடம் உருவாகிவிட்டது. ஏடுகளை ஒப்பிட்டுப் பாடபேதம் தேடும் ஆய்வு மாணவர்களுக்கு இதன் தீவிரம் உடனே விளங்கும். இங்கே பாடபேதங்களே உயிர். அவற்றைப் பிழையென்று ஒதுக்கும் வாசகரை அச்சுப் பிரதியே உருவாக்கிவிடுகிறது.

1974 பிப்ரவரி 13 அன்று கல்கத்தாவில் நேர்ந்த கார் விபத்தில் அமீர் கான் மறைந்தார். அவருடைய காலத்தில் வெளிவந்த தட்டுகள் மிகச் சில. பின்னாளில் வானொலிப் பதிவுகளும் தனியார் கச்சேரிப் பதிவுகளும் ஒவ்வொன்றாக வெளிவந்தன. அவற்றில் இருமல் இருக்கிறது, அவையின் 'வாஹ்' இருக்கிறது, நாடா தேய்ந்த இரைச்சல் இருக்கிறது. தட்டை மனப்பாடமாக அறிந்தவர்கள் இவற்றையும் தேடிக் கேட்பது நல்ல வழக்கம். அதே குரல் வேறொரு மாலையில் வேறு முடிவுகளை எடுப்பதைக் கேட்டால், தட்டிலுள்ளதும் ஒரு மாலைதான் என்பது செவிக்குத் தெரியவரும். பலமுறை கேட்டலின் பயனும் அப்போதுதான் முழுமையாக வெளிப்படுகிறது. ஒன்றை ஆழமாக அறிந்த செவிக்கே அதிலிருந்து விலகும் இடம் இனிக்கும்.

அமீர் கானே கேட்டுக் கற்றவர். தந்தை ஷாமீர் கானிடம் பயிற்சி பெற்றார் என்றாலும், அப்துல் வஹீத் கானின் நிதானத்தையும் ரஜப் அலி கானின் தான்களையும் பெண்டிபஜார் அமான் அலி கானின் அடுக்குகளையும் முறைப்படி சீடராக அமர்ந்து பெறவில்லை, செவிவழியே உள்வாங்கிக்கொண்டார். மூவரையும் கேட்டார், மூவரும் அல்லாத ஒன்றைப் பாடினார். மார்வாத் தட்டின் விளம்பப் பகுதி வேற்றூர் சென்றுவிட்ட அன்பரை எண்ணி ஏங்குவது. துருத பந்திஷுக்கு வந்ததும் பொருள் மாறிவிடுகிறது: குருவின்றி ஞானம் கிட்டாது என்கிறது அது. குரு எவரும் இல்லாத விடுதி அறைகளில், காதில் ஒலிகேட்பியை மாட்டிக்கொண்டு, அந்தச் சொற்களை எத்தனை பேர் எத்தனை நூறு முறை கேட்டிருப்பார்கள்! அந்த இடத்திலும் அவர் குரலை உயர்த்துவதில்லை.